கோழிமுட்டையில் கருவைப் பார்த்து செல் சமிக்ஞைகளைப் படிப்பது எப்படி: குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கருவளர்ச்சி படிக்கத் தொடங்குகிறவர்களை முதலில் மிரட்டுவது அம்புக்குறிப் படங்கள்தான். ஒரு மூலக்கூறு இன்னொன்றைத் தூண்டும், அது மூன்றாவதைத் தடுக்கும், மூன்றாவது இல்லாவிட்டால் நான்காவது உட்கருவுக்குள் நுழையும். தேர்வுக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு, மறுவாரமே மறந்துவிடலாம். இந்த வழிகாட்டி நேர் எதிராகப் போகிறது. முதலில் முட்டைக்குள் கருவைக் கண்ணால் பார்ப்போம். ஒவ்வொரு உறுப்பும் தலைகாட்டும்போது, அதை அங்கே வரவைத்த சமிக்ஞை, அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் மூலக்கூறுச் செய்தி, எது என்று தேடுவோம். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ விலங்கியல், உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆர்வமுள்ள பள்ளி ஆசிரியர்களும் செய்து பார்க்கலாம்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கருவை வடிவமைக்கும் சமிக்ஞைக் குடும்பங்கள் மிகவும் குறைவு. ஹெட்ஜ்ஹாக், வின்ட், பி.எம்.பி.யும் நோடலும் அடங்கிய டி.ஜி.எஃப். பீட்டா, எஃப்.ஜி.எஃப்., நாட்ச், ரெட்டினாயிக் அமிலம் ஆகியவற்றைத் தெரிந்துகொண்டால் பெரும்பகுதி முடிந்தது. இதே ஆறு முதுகுத்தண்டிலும் வரும், சிறகிலும் வரும், இறகிலும் வரும். மூலக்கூறின் பெயரில் அர்த்தம் இல்லை. எந்தச் செல்லுக்கு, எப்போது, எவ்வளவு கிடைத்தது என்பதில்தான் இருக்கிறது. அதனால் நோட்டில் ஒவ்வொரு நாளும் நான்கு கேள்விகளுக்கு இடம் விடுங்கள்: அனுப்புவது எந்தத் திசு? அனுப்புவது என்ன? வாங்கும் செல்லுக்கு அதை வாங்கும் தகுதி அப்போது இருக்கிறதா? கிடைத்த அளவும் நேரமும் என்ன?

படி 1: அடைமுட்டை வாங்குவது

கடையில் கிடைக்கும் வெள்ளை முட்டை எதற்கும் ஆகாது. நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்கோழிகளோடு சேவல் விடுவதில்லை. அந்த முட்டையை எத்தனை நாள் சூட்டில் வைத்தாலும் கரு வராது. நாட்டுக்கோழி முட்டை வேண்டும், அதுவும் சேவல் நிற்கும் வீட்டு முட்டை. வடசேரிச் சந்தையிலோ திங்கள்சந்தையிலோ போய் ‘நாட்டு முட்டை உண்டா’ என்று கேட்டால் எதையாவது எடுத்துத் தருவார்கள். “அக்கா, அட வைக்கதுக்கு முட்ட வேணும்” என்று கேளுங்கள். வேறு விளக்கமே தேவைப்படாது. என்றைக்கு இட்டது என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். சந்தையை விட, தெருவில் கோழி வளர்க்கும் வீட்டில் நேரடியாக வாங்குவதே மேல்.

எடுத்துவந்த முட்டைகளில் ஒன்றை உடைத்துத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். மஞ்சள்கருவின் மேல் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். ஒழுங்கான வட்டமாக, நடுவில் வெளிறி, சுற்றிலும் வளையத்தோடு மூன்று நான்கு மில்லிமீட்டர் இருந்தால் கருவுற்றது. சிறிதாக, ஓரம் பிசிறாக, கட்டி போல் இருந்தால் கருவுறாதது. முட்டை இடப்படும்போதே அந்த வட்டத்தில் பல பத்தாயிரம் செல்கள் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். கோழியின் உடலுக்குள் இருந்த ஒரு நாள் சொச்சத்தில் அவ்வளவு பிரிந்திருக்கிறது.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. ஏறத்தாழ 20 டிகிரிக்குக் கீழே போனால்தான் கரு உறங்கும். நம் வீடுகளில் சாதாரண நாளிலேயே 28, 30 டிகிரி. அந்தச் சூட்டில் வளர்ச்சி நிற்கவும் நிற்காது, ஒழுங்காக நடக்கவும் நடக்காது. அரைகுறையாக நகர்ந்து கெட்டுப்போகும். குளிர்பெட்டியின் 4 டிகிரியோ மிகவும் குறைவு. ஆகவே சேர்த்துவைக்காமல், இட்ட இரண்டு மூன்று நாளுக்குள் அடைப்பெட்டியில் வைத்துவிடுங்கள். அதுவரை ஈர மணல்மேல் வைத்த மண்பானைக்குள் இருக்கட்டும்.

படி 2: அடைப்பெட்டி

குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ மீன் வரும் தெர்மோகோல் பெட்டி ஒன்று வாங்கி, நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். உள்ளே 40 வாட் குண்டு பல்பு ஒன்று (எல்.இ.டி. சூடு தராது), வெப்பநிலை கூடினால் தானே அணைக்கும் சிறு தெர்மோஸ்டாட் பலகை ஒன்று, தண்ணீர்க் கிண்ணம் ஒன்று, காற்றுக்கு நாலைந்து துளைகள். வெப்பமானியின் முனை முட்டையின் மேல்மட்டத்தில் இருக்க வேண்டும். அங்கே 37.5 முதல் 38 டிகிரி காட்டினால் சரி. ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம். மழைக்காலத்தில் கிண்ணத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம், இங்கே காற்றிலேயே வேண்டிய ஈரம் இருக்கும்.

ஆடி மழையில் கரண்ட் போகும். பதற வேண்டாம். மூடியைத் திறக்காமல், வெந்நீர் ஊற்றிய பாட்டில் ஒன்றைத் துணி சுற்றி உள்ளே வைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். கரு குளிர்ச்சியைப் பொறுத்துக்கொள்ளும், வளர்ச்சி தாமதமாகும், அவ்வளவுதான். 40 டிகிரியைத் தாண்டும் சூடுதான் கொல்லும்.

முட்டைகளைப் படுக்கவைத்து, மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போடுங்கள். மஞ்சள்கரு எப்படிப் புரண்டாலும் கரு இருக்கும் பக்கம் மேலே மிதந்து வரும். குறிக்கு நேர் கீழே கரு இருக்கும் என்று நம்பலாம். வைத்த தேதியும் மணியும் ஓட்டின்மேலேயே எழுதுங்கள்.

கல்லூரியில் செய்வதானால், தொடங்குமுன் துறைத் தலைவரிடமும் நெறிமுறைக் குழுவிடமும் கேட்டுவிடுங்கள். இந்த வழிகாட்டியில் திறக்கும் முட்டைகள் எதையும் ஆறாம் நாளுக்கு மேல் வளர்க்கச் சொல்லவில்லை. அதற்குப் பிந்திய கட்டங்கள் ஆய்வகத்துக்கு உரியவை.

படி 3: சன்னல் வெட்டுவது

முதல்முறை செய்கிறவர்கள் மூன்றாம் நாள் முட்டையில் தொடங்குங்கள். அப்போதுதான் ரத்தக்குழாய்கள் சிவந்து, இதயம் துடித்து, கரு தெளிவாகத் தெரியும். கைப்பழக்கம் வந்தபின் ஒன்றரை நாள் கருவுக்குத் திரும்பலாம்.

ஓட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 5 மில்லி ஊசியை முட்டையின் கூர்முனையில், கீழ்நோக்கிச் சாய்த்துக் குத்தி, 2 அல்லது 3 மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சுங்கள். நாட்டு முட்டை சிறியது, அதற்கு மேல் எடுக்க வேண்டாம். இதனால் மஞ்சள்கரு கீழே இறங்கி, கரு ஓட்டில் ஒட்டாமல் விலகும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் கத்தரி வைத்ததும் ரத்தம் கொட்டும். ஊசித்துளையை செலோடேப்பால் மூடுங்கள். பென்சில் குறியின் மேலும் அகலமாக டேப் ஒட்டி, நுனி வளைந்த சிறு கத்தரியால் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வட்டமாக வெட்டுங்கள். டேப் இருப்பதால் ஓட்டுத்தூள் உள்ளே விழாது. பார்த்து முடித்ததும் சன்னலை டேப்பால் இறுக்கமாக மூடித் திரும்பவும் பெட்டியில் வைக்கலாம்.

பார்ப்பதற்கு விலையுயர்ந்த நுண்ணோக்கி தேவையில்லை. கைபேசியில் மாட்டும் மேக்ரோ லென்சும் பக்கவாட்டில் பிடிக்கும் டார்ச்சும் போதும். இரண்டு நாளுக்குக் குறைந்த கரு கண்ணாடி போல இருக்கும். சலைனில் பத்தில் ஒரு பங்கு கலந்த இந்தியன் இங்கை, மெல்லிய ஊசியால் கருவுக்குக் கீழே ஒரு சொட்டு விட்டால், கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக எழுந்து நிற்கும்.

படி 4: முதல் நாள், அச்சு விழும் நேரம்

இதை நீங்கள் பார்ப்பது கடினம், ஆனால் தெரியாமல் மேலே போக முடியாது. 18 மணி நேரத்தில் அந்த வட்டத் தகட்டின் நடுவே ஒரு கோடு முழுநீளத்துக்கு ஓடியிருக்கும். இதை முதற்கோடு என்பார்கள். செல்கள் இந்தக் கோட்டின் வழியே உள்ளே இறங்கி நடுப்படையாகவும் அகப்படையாகவும் ஆகின்றன. கோடு எங்கே தொடங்க வேண்டும் என்பதைத் தகட்டின் பின்னோரத்திலிருந்து வரும் வி.ஜி.1 (இதுவும் டி.ஜி.எஃப். பீட்டா குடும்பம்தான்), வின்ட் சமிக்ஞைகள் சேர்ந்து, நோடலைத் தூண்டிவிட்டு முடிவுசெய்கின்றன.

கோட்டின் முன்முனையில் சிறு முடிச்சு ஒன்று இருக்கும், அதன் பெயர் ஹென்சன் கணு. பல்லி போன்ற நீர்நில வாழ்வியான நியூட்டில் இதற்கு இணையான பகுதியை 1924இல் ஹான்ஸ் ஸ்பெமனும் ஹில்டே மான்கோல்டும் கண்டுபிடித்தார்கள். நிறம் வேறுபட்ட இரண்டு நியூட் இனங்களின் கருக்களை எடுத்து, ஒன்றின் சிறு துண்டை மற்றதன் வயிற்றுப்பக்கம் ஒட்டினார்கள். அங்கே இரண்டாவது உடல் முளைத்தது. அந்த இரண்டாவது உடலில் பெரும்பகுதி, துண்டை வாங்கிக்கொண்ட கருவின் செல்களாலேயே ஆகியிருந்தது என்பதுதான் விஷயம். ஒட்டிய துண்டு பக்கத்துச் செல்களை மாற்றியிருந்தது. ஹில்டே மான்கோல்டு அதே ஆண்டு ஒரு தீ விபத்தில் இறந்துபோனார். ஸ்பெமனுக்கு 1935இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தத் துண்டு என்ன அனுப்பியது என்று தெரிய எழுபது ஆண்டு ஆயிற்று. 1990களில் நாகின், கார்டின் ஆகிய புரதங்கள் பிடிபட்டன. அவை பி.எம்.பி.யைப் பிடித்துக் கட்டிப்போடுபவை. வெளியே தங்கிவிடும் புறப்படைச் செல்லுக்கு பி.எம்.பி. கிடைத்தால் தோலாகும். கிடைக்காமல் தடுத்தால் நரம்பாகும். அதாவது ‘நரம்பாகு’ என்று தனியாக ஒரு கட்டளை வரவில்லை, ‘தோலாகு’ என்ற கட்டளை தடுக்கப்பட்டது. புதியவர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கருவில் பாதி வேலை இப்படித் தடையைத் தடுப்பதாலேயே நடக்கிறது.

படி 5: சோமைட்டுகளை எண்ணுவது

எனக்குப் பிடித்த படி இதுதான், செலவில்லாமல் எண்ணால் விடை கிடைக்கும். ஏறத்தாழ ஒரு நாள் முடிந்ததும் நரம்புக்குழலின் (பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆவது) இருபுறமும் சிறு கட்டங்கள் சோடி சோடியாக வரத் தொடங்கும். இவையே சோமைட்டுகள். பின்னால் முதுகெலும்பும் விலா எலும்பும் முதுகுத் தசையும் இவற்றிலிருந்து வரும். கோழியில் 90 நிமிடத்துக்கு ஒரு சோடி. கடிகாரம் போலத் துல்லியம் என்று சொல்லமாட்டேன், ஆனால் சூடு சரியாக இருந்தால் நம்பலாம்.

36 மணி நேர முட்டை ஒன்றில் இங்க் விட்டுப் படம் எடுங்கள். சோடிகளை எண்ணுங்கள். சன்னலை மூடி வைத்து, ஆறு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். நாலு சோடி கூடியிருந்தால் உங்கள் பெட்டி சரி. இரண்டுதான் கூடியிருந்தால் சூடு குறைவு, அல்லது கருவுக்கு அடிபட்டிருக்கிறது. கருவின் வயதை மணிக்கணக்கில் சொல்லாமல் சோமைட் எண்ணிக்கையில் சொல்வது இதனால்தான். 1951இல் ஹாம்பர்கரும் ஹாமில்டனும் கோழிக்கருவின் வளர்ச்சியை 46 கட்டங்களாகப் பிரித்த அட்டவணை இன்றும் எல்லா ஆய்வகத்திலும் புழங்குகிறது. அதில் தொடக்கக் கட்டங்கள் பலவற்றுக்கு அளவுகோல் சோமைட்தான். 10 சோடி இருந்தால் கட்டம் 10 என்பது நினைவில் வைக்க எளிது.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? 1997இல் பிரான்சில் ஒலிவியே பூர்க்கியேயின் குழுவினர், வால்பக்கச் செல்களில் ஒரு மரபணு 90 நிமிடத்துக்கு ஒருமுறை எரிந்து அணைவதைக் கண்டார்கள். நாட்ச் பாதை அந்தத் துடிப்பைப் பக்கத்துப் பக்கத்துச் செல்களில் ஒத்துப்போகச் செய்கிறது. வால்முனையிலிருந்து எஃப்.ஜி.எஃப்.பும் வின்ட்டும் வருகின்றன, அவை கூடுதலாக இருக்கும்வரை செல் இளமையாகவே கிடக்கும். முன்னால் உருவான சோமைட்டுகளிலிருந்து ரெட்டினாயிக் அமிலம் எதிர்த்திசையில் வருகிறது. கரு நீள நீள வால்முனை பின்னால் போகும், அந்த எல்லையும் கூடவே பின்னால் போகும். ஒவ்வொரு துடிப்பிலும் எல்லையைக் கடந்துவிட்ட செல்கூட்டம் ஒரு கட்டமாகப் பிரிகிறது. எலியில் இந்தத் துடிப்பு இரண்டு மணி நேரம், மனிதனில் நாலைந்து மணி நேரம், வரிக்குதிரை மீனில் அரை மணி நேரம். மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒன்றே, வேகம்தான் வேறு.

படி 6: இதயம் எந்தப் பக்கம் வளைகிறது

அதே 36 மணி நேரக் கருவில் இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும். நீங்கள் முதுகுப்பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள், தலை மேலே இருக்கும்படி முட்டையைத் திருப்பினால் உங்கள் வலதே கருவின் வலது. இதயக்குழல் வலப்புறம் புடைத்திருப்பதைப் பார்க்கலாம். 1995இல் மைக்கேல் லெவின், கிளிஃப் டேபின் உள்ளிட்டோர் ஹென்சன் கணுவின் இடப்பக்கம் மட்டும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் (ஹெட்ஜ்ஹாக் குடும்பத்தில் ஒன்று) இருப்பதையும், அது இடப்பக்கத்தில் நோடலைத் தூண்டுவதையும் காட்டினார்கள். வெளியே இடவலம் தெரியாத நேரத்திலேயே உள்ளே முடிவாகிவிட்டது. இதை இதோடு விடலாம்.

படி 7: செறிவுச் சரிவைப் புரிந்துகொள்வது

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒரே ஒரு மூலக்கூறு எப்படி மூன்று நான்கு வகைச் செல்களை உண்டாக்கும்?

ஆரல்வாய்மொழி வழியாகத் தோவாளைக்கு வருகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பூச்சந்தையின் வாசலில் பிச்சியும் மல்லியும் மூக்கை அடைக்கும், நாலு கடை தள்ளி மிதமாக இருக்கும், பஸ் நிற்கும் இடத்தில் லேசாக வீசும். கண்ணைக் கட்டிவிட்டாலும் சந்தையிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறோம் என்று ஒருவாறு சொல்லிவிடலாம். செல்லும் தன் இடத்தை இப்படித்தான் அறிகிறது: ஓரிடத்திலிருந்து பரவும் மூலக்கூறின் செறிவைக் கொண்டு. 1969இல் லூயிஸ் வால்பர்ட் இதை ‘இருப்பிடத் தகவல்’ என்ற கருத்தாக முன்வைத்தார். 1988இல் பழ ஈயின் முட்டையில் பைகாய்ட் என்ற புரதம் தலைப்பக்கம் அதிகமாகவும் வால்பக்கம் போகப்போகக் குறைந்தும் இருப்பதை வோல்ஃப்காங் டிரீவரும் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் கண்ணால் காட்டினார்கள். இப்படிப்பட்ட மூலக்கூறுக்கு மார்ஃபோஜென் என்று பெயர்.

உங்கள் முட்டையில் இது நடக்கும் இடம் நரம்புக்குழல். குழலுக்கு நேர் கீழே முதுகுநாண் என்ற கம்பி போன்ற திசு ஓடுகிறது. அது சோனிக் ஹெட்ஜ்ஹாக்கை வெளிவிடுகிறது. மிக அருகில் உள்ள செல்கள் குழலின் தரைப்பகுதி ஆகின்றன, தாமும் அதையே வெளிவிடத் தொடங்குகின்றன. அதற்கு மேலே சற்றுக் குறைந்த அளவு கிடைத்தவை, தசையை இயக்கும் நரம்புச் செல்கள். இன்னும் மேலே, இடைநரம்புச் செல்கள். உச்சியிலிருந்து பி.எம்.பி.யும் வின்ட்டும் எதிராக இறங்கி வருகின்றன. அளவோடு, எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதும் கணக்கில் சேரும்.

ஹெட்ஜ்ஹாக் செல்லுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை பின்னால் தானாக வரும். செல்லின் சவ்வில் பேட்ச்ட் என்ற ஏற்பி, ஸ்மூதன்ட் என்ற இன்னொரு புரதத்தை எப்போதும் அடக்கிவைத்திருக்கிறது. ஹெட்ஜ்ஹாக் வந்து பேட்ச்டைப் பிடித்ததும் அடக்குமுறை நீங்குகிறது, ஸ்மூதன்ட் விடுபடுகிறது, கிளி என்ற புரதங்கள் மரபணுக்களை இயக்குகின்றன. இங்கேயும் தடையை நீக்குவதுதான் செய்தி.

இது கெட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து ஆட்டிடையர்கள் 1950களில் பார்த்தார்கள். ஒற்றைக்கண்ணோடு குட்டிகள் பிறந்தன. கருவுற்ற பதினான்காம் நாள் வாக்கில் தாய் ஆடுகள் வெராட்ரம் என்ற மலைச்செடியை மேய்ந்திருந்தன. அதிலிருந்த நஞ்சுக்கு சைக்லோபமைன் என்று பெயரிட்டார்கள். அது ஸ்மூதன்டைப் பிடித்து முடக்குகிறது என்பது பல ஆண்டு கழித்துத் தெரியவந்தது. கண்கள் உருவாகும் திசு தொடக்கத்தில் நடுவில் ஒரே பட்டையாக இருக்கும், ஹெட்ஜ்ஹாக் வந்து நடுவே அடக்கினால்தான் இரண்டாகப் பிரியும். தாய் ஆடு அந்த நாள் வாக்கில் அல்லாமல் வேறு நாளில் மேய்ந்திருந்தால் குட்டிக்கு இந்த ஒற்றைக்கண் வரவில்லை. ‘எப்போது’ என்ற கேள்வியை நோட்டில் ஏன் வைத்தோம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. இதே ஸ்மூதன்டைத் தடுக்கும் விஸ்மோடெகிப் 2012 முதல் ஒருவகைத் தோல் புற்றுநோய்க்கு மருந்து.

படி 8: சிறகு மொட்டும் கால் மொட்டும்

மூன்றாம் நாள் முட்டையைத் திறந்தால் உடலின் பக்கவாட்டில் இரண்டு சோடிப் புடைப்புகள் தெரியும். முன்னது சிறகு, பின்னது கால். ஐந்தாம் நாள்வரை தினமும் ஒருமுறை படம் எடுங்கள். துடுப்பு வடிவம், பிறகு முட்டி வளையும் இடம், பிறகு விரல்களின் சாயல் என்று மாறிக்கொண்டே வரும்.

இந்த மொட்டின் நுனியில் தடித்த ஒரு விளிம்பு உண்டு. 1948இல் ஜான் சாண்டர்ஸ் அதைக் கோழிக்கருவிலிருந்து நீக்கிப் பார்த்தார். சீக்கிரம் நீக்கினால் தோளெலும்போடு சிறகு முடிந்துபோனது. தாமதித்து நீக்கினால் விரல் மட்டும் இல்லை. அந்த விளிம்பு அனுப்புவது எஃப்.ஜி.எஃப். என்று பின்னால் தெரிந்தது. 1995இல் எஃப்.ஜி.எஃப்.பில் நனைத்த சிறு மணியைக் கோழிக்கருவின் விலாப்பக்கம் வைத்தபோது அங்கே கூடுதலாக ஒரு கை அல்லது கால் முளைத்தது. வைத்த இடம் சிறகுக்கு அருகிலா காலுக்கு அருகிலா என்பதைப் பொறுத்து முளைத்தது மாறியது. மணியில் இருந்தது ஒரே மருந்து. வாங்கிய செல்கள்தான் வேறு.

அடுத்தது விரல்களின் வரிசை. 1968இல் சாண்டர்ஸும் கேஸலிங்கும் மொட்டின் பின்னோரத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து இன்னொரு மொட்டின் முன்னோரத்தில் ஒட்டினார்கள். மூன்று விரல் வரவேண்டிய சிறகில் கண்ணாடியில் பார்ப்பது போல எதிரெதிராக இரண்டு வரிசை விரல்கள் வந்தன. 1982இல் ரெட்டினாயிக் அமிலம் தோய்த்த தாளை வைத்தாலும் இதுவே நடந்தது. அப்போது அதுதான் அந்த மார்ஃபோஜென் என்று பலரும் நம்பினார்கள். 1993இல் டேபினின் ஆய்வகம் பின்னோரத்தில் இருப்பது சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று காட்டியது. ரெட்டினாயிக் அமிலம் அதை முன்னோரத்திலும் தூண்டிவிட்டிருந்தது. ஒன்றைச் சேர்த்தால் விளைவு வருகிறது என்பதால் இயற்கையிலும் அதுவே வேலை செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. நீக்கினால் என்ன ஆகிறது, இயல்பாக அது எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தாலும் ‘நீக்கினார்களா, சேர்த்தார்களா, இடம் மாற்றினார்களா’ என்று முதலில் தேடுங்கள். பாதிக் கட்டுரை அதிலேயே புரிந்துவிடும்.

கட்டைவிரல் பக்கம் ஆறாம் விரலோடு பிறக்கும் பிள்ளைகளை நம் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் சில குடும்பங்களில் காரணம், சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவிலிருந்து பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்து தள்ளி இருந்து அந்த மரபணுவை இயக்கும் ஒரு சுவிட்சில் ஏற்பட்ட மாற்றம். அது முன்னோரத்திலும் மரபணுவை எரியவிடுகிறது. சில்க்கி இனக் கோழியின் ஐந்தாவது கால்விரலுக்கும் அதே சுவிட்சில்தான் மாற்றம்.

ரெட்டினாயிக் அமிலம் என்றதும் ஓர் எச்சரிக்கை. முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை இந்தக் குடும்பம்தான். கருவுற்ற பெண்கள் எடுத்தால் குழந்தையின் முகம், காது, இதயம், மூளை பாதிக்கப்படும். மருத்துவர் சீட்டில்லாமல் கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

படி 9: தாராவின் காலும் இறகில்லாக் கழுத்தும்

இந்தப் படிக்கு முட்டை உடைக்க வேண்டாம், வளர்ந்த பறவைகள் போதும். கோழியின் காலையும் தாராவின் (வாத்தின்) காலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் இரண்டிலும் விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கும். கோழியில் பி.எம்.பி. சமிக்ஞை அந்தச் செல்களைச் சாகச் செய்கிறது, விரல்கள் பிரிகின்றன. தாராவிலும் பி.எம்.பி. இருக்கிறது, ஆனால் கிரெம்லின் என்ற புரதம் அங்கே அதைத் தடுத்துவிடுகிறது. சவ்வு தங்கிவிடுகிறது. 1999இல் கோழிக்காலில் கிரெம்லினை வைத்தபோது அதற்கும் சவ்வு தங்கியது.

இனி, கழுத்தில் இறகே இல்லாத நாட்டுக்கோழி. தெற்கே பழைய திருவிதாங்கூர்ப் பகுதியெங்கும் இந்த வகை உண்டு, நம் சந்தைகளிலும் கண்ணில் படும். நோயென்று நினைத்து விலை குறைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வெக்கையை நன்றாகத் தாங்கும் இனம், விலை குறைக்க வேண்டியதில்லை.

கருவின் தோலில் இறகு எங்கே முளைக்க வேண்டும் என்பதைத் தூண்டும் சமிக்ஞைகளும் தடுக்கும் பி.எம்.பி.யும் போட்டிபோட்டு முடிவுசெய்கின்றன. இந்தக் கோழியில் ஒரு மரபணு மாற்றத்தால் பி.எம்.பி.12 தோலில் கூடுதலாக உற்பத்தியாகிறது என்று 2011இல் எடின்பரோவில் கண்டறிந்தார்கள். கூடுதல் தடை உடல் முழுக்க இருக்கிறதே, கழுத்து மட்டும் ஏன் வெறுமையாகிறது? கழுத்துத் தோலில் ரெட்டினாயிக் அமிலம் உற்பத்தியாகிறது, அது அந்தத் தோலை பி.எம்.பி.க்கு மிகவும் கூர்மையாக உணரவைக்கிறது. முதுகுத் தோல் அதே அளவைத் தாங்கிக்கொண்டு இறகு விடுகிறது, கழுத்தால் முடியவில்லை. முட்டை வாங்கும் வீட்டில் இப்படியொரு கோழி நின்றால் கையில் எடுத்து இறகின் எல்லை எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்த எல்லையை நோட்டில் வரைந்துகொள்ளுங்கள்.

படி 10: முடித்தபின்

சன்னல் வெட்டிய முட்டைகளை ஆறாம் நாளுக்குள் குளிர்பெட்டியின் ஐஸ் அறையில் ஒரு ராத்திரி முழுக்க வைத்து வளர்ச்சியை நிறுத்துங்கள். வெட்டாமல் விட்டவற்றை இருட்டறையில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐந்தாம் நாள் சிலந்தி போல ரத்தக்குழாய் தெரிந்தால் உயிர் இருக்கிறது, அவற்றை முட்டை தந்த வீட்டு அடைக்கோழிக்கே ராத்திரியில் நகர்த்தி வைக்கலாம், 21ஆம் நாள் பொரிக்கும். ஒன்றும் தெரியாதது கூமுட்டை, எடுத்துவிடுங்கள், பெட்டிக்குள் வெடித்தால் நாற்றம் தாங்காது. மேசையையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஊசிகளை மூடியிட்ட டப்பாவில் சேர்த்து மருத்துவக் கழிவோடு கொடுங்கள். ஓடும் மிச்சமும் தென்னை மூட்டில் புதைக்கலாம், முழங்கை ஆழமாவது வேண்டும், இல்லாவிட்டால் நாய் தோண்டிவிடும்.